தங்கவயல் ரயிலில் நீங்கள் கேட்ட கேள்வி

அத்தான்,

இன்று காலை துறைமுகச் சாலை டீக்கடையில் கிளாஸை வாங்கிக் கையில் வைத்தபடி பேசிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் பதறிப்போய், "அண்ணாச்சி, கொதிக்கக் கொதிக்கக் குடுத்திருக்கேன், இப்படிப் பொத்திப் புடிச்சிருக்கிய! சுடலையா?" என்றார். குனிந்து பார்த்தால் விரலெல்லாம் சிவந்து கிடக்கிறது. சுட்டது எனக்குத் தெரியவே இல்லை. பாழாய்ப்போன சர்க்கரை நோய் விரல்நுனிக்கு வந்துவிட்டது. நாளை உங்கள் மகன் முதன்முதலாகச் சங்கு குளிக்க இறங்குகிறான். படகில் உட்கார்ந்து அவன் இடுப்புக் கயிற்றைப் பிடிக்கப்போவது நான். கீழேயிருந்து அவன் சுண்டுவது கையில் தெரிந்தால்தான் மேலே இழுக்க முடியும்.

குளிக்கிறவனுக்கு அவன் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது நம் கடற்கரை வழக்கம். அக்காவைத் தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. உங்களுக்குக் கடைசி வரை நான்தான் பிடித்தேன். உங்கள் மகனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, மச்சினனுக்கு எங்கே போக? தாய்மாமன் இருக்கும்போது என்ன கவலை என்று அக்காவே முடிவு கட்டிவிட்டாள்.

காலையிலிருந்து தங்கவயல்தான் நினைவுக்கு வருகிறது. பெங்களூரில் வேலை பார்த்த என் மகளைப் பார்க்கப் போன இடத்தில், தங்கச் சுரங்கம் பார்க்கணும் என்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்றீர்கள். பங்காருப்பேட்டையில் மாறி மாரிக்குப்பம் ரயிலில் ஏறினோம். பாறைக் குன்றுகள், தைலமரங்கள், பிறகு சுரங்க மண்ணைக் கொட்டிக் கொட்டியே எழுந்த சாம்பல் நிற மேடுகள். நம் உப்பளத்து அம்பாரத்துக்கு அழுக்குச் சட்டை போட்டுவிட்டது போல இருக்கு என்று நான் சொன்னேன். நீங்கள் சன்னலோரம் சின்னப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள்.

எதிரே இருந்த பெரியவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூடிக்கிடந்த சுரங்க வாய்மேல் நின்ற இரும்புக் கோபுரத்தைக் காட்டி, அதன் சக்கரத்தில் ஓடும் கம்பிவடத்தில்தான் கூண்டு இறங்கும் என்றார். நீங்கள் முந்திக்கொண்டு கேட்டீர்கள்: "மேல நின்னு இழுக்கது உங்க மச்சினனா அண்ணாச்சி?"

அவர் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. "மச்சினனா? எவனுக்கு ஷிப்டோ அவன் இழுப்பான். கீழ இருந்து மணி அடிப்போம், கூண்டு மேல வரும். அவன் மூஞ்சிய நான் பாத்ததே இல்லீங்க."

நீங்கள் சிரிக்கவில்லை. திரும்பும்போது ரயில் பாட்டுக்கு அத்தனை அழகான குன்றுகளைக் காட்டிக்கொண்டு வந்தது, நீங்கள் ஒன்றையும் பார்க்கவில்லை. "ஏலே, மூஞ்சி தெரியாதவன் கையில உசுரக் குடுத்துட்டு அந்த மனுசன் எப்படிலே சோறு தின்னாரு?" என்று மட்டும் கேட்டீர்கள். அன்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. அட, நம் கையை நம்பித்தானே இவர் நிம்மதியாகச் சாப்பிடுகிறார் என்று.

நீங்கள் கடலில் போகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனீர்கள். அங்கே பிடித்து இழுக்க என் கையில் கயிறு ஒன்றும் இல்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்து கயிற்றின் ஒரு முனையை உங்கள் மகனிடம் கொடுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சுண்டச் சொன்னேன். "சுண்டுனியாலே?" என்றேன். "மூணு தடவ சுண்டிட்டேன் மாமா" என்றான். ஐயோ மாதாவே, என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அக்காவிடம் போய் உடைத்துச் சொல்லிவிட்டேன். வேறு யாரையாவது பாரு, இந்தக் கை ஆகாது என்றேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், நிமிரக்கூட இல்லை. "உன் வெரல நம்பியாலே அவரு எறங்குனாரு? நீ என் தம்பின்னு நம்பில்லா எறங்குனாரு. கூலிக்கு வாரவன்கிட்ட எம்பிள்ளையக் குடுக்க மாட்டேன், போ" என்றாள்.

மறுபடியும் உங்கள் மகனைக் கூப்பிட்டேன். கயிற்றை முழங்கைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு சுண்டச் சொன்னேன். தெரிந்தது. மறுபடி சுண்டச் சொன்னேன், தெரிந்தது. அவன் சலித்துப்போகும் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். இங்கே சுவரோரம் தெரிகிறது, நாளை படகு ஆடும்போதும் நீரோட்டம் இழுக்கும்போதும் தெரியுமா?

அக்காவுக்கு நான் தம்பிதான். கயிற்றுக்கு அது தெரியாதே, அத்தான்.