வகுப்பில் வெட்டிய மீன்

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதாவின் காவலில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

நேற்று கொலிஜில் ஒரு பகிடி நடந்தது. உயிரியல் வகுப்பில் மீனை வெட்டி உள்ளுறுப்புகளுக்குப் பெயர் எழுதச் சொன்னார்கள். காலை முழுக்க ஸ்காபரோ மீன்கடை வேலையில் மீன் வெட்டிவிட்டுப் போன அலுப்பு. கை தன்பாட்டில் செதில் சுரண்டி, குடலை வாளியில் போட்டு, கறிக்குத் துண்டும் போட்டுவிட்டது.

பக்கத்தில் நின்ற சஜிதா, "அக்கா, பேர் எழுத வேண்டியதெல்லாம் உந்த வாளிக்குள்ள கிடக்குது!" என்றாள்.

படித்து முடித்தால் ஆய்வுகூட உதவியாளர் வேலைதான், அம்மா. மகள் டொக்டருக்குப் படிக்கிறாள் என்று கோயிலடியில் சொல்லாதீர்கள்.

பஸ் வருகிறது. ஒன்று மட்டும்: நீங்கள் சமைக்கும்போது எனக்குப் போன் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். கதைக்கத் தேவையில்லை. நீங்கள் குசினியில் நிற்கிற சத்தம் கேட்டால் போதும்.

மகள்
ஜெனிற்றா