குடும்பத் தலைவரின் கட்டைவிரல்

பிப்ரவரி 3
கத்தி மழுங்கிவிட்டது என்று முதலாளியோடு சண்டை. எட்டு வருடமாகக் கறி வெட்டுகிறேன். மழுங்கின கத்திதான் கையைப் பதம் பார்க்கும் என்று அவருக்கு இன்னும் புரியவில்லை. மாலையில் தங்கையின் ரிப்போர்ட் வந்தது. மார்பில் இருப்பது புற்றுநோய்தான். அவள் அழவில்லை. "அக்கா, சோறு போடட்டுமா?" என்றாள். தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

பிப்ரவரி 5
"இந்த மாசத்துக்குள்ள எடுத்துடணும்மா, தள்ளிப்போட்டா பரவிடும்" என்றார் டாக்டரம்மா. அரசு காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷன் இலவசம். அட்டை இருக்கிறது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அந்த நாயின் பெயரும் இருக்கிறது. தங்கையின் புருஷன். அவள் முன்பல்லை உடைத்துத் துரத்தியவன். இரண்டு வருடமாக அவள் என்னோடு இருக்கிறாள்.

காப்பீட்டுக் கவுண்டரில் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர். "தலைவர் வந்து மெஷின்ல வலது கட்டைவிரல் வைக்கணும். அப்பதான் அனுமதி கிடைக்கும்."

"அவன் வரலைன்னா?"

"தனி அட்டை போடலாம். பிரிஞ்சு இருக்கீங்கன்னு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

தங்கையின் உதட்டைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கையெழுத்து போதுமா?" என்றேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

பிப்ரவரி 9
அவன் டயர் கடைக்குப் போனேன். கத்தியைக் கறிக்கடையிலேயே விட்டுவிட்டுத்தான் போனேன். என்னை எனக்குத் தெரியும்.

கெஞ்சினேன். நான்! "திரும்பி வந்து குடும்பம் நடத்தச் சொல்லு, விரல் வைக்கிறேன்" என்றான். எழுதியாவது கொடு என்றேன். சிரித்தான். "அறுத்துப் போட்டப்புறம் அவ எனக்கு எதுக்கு? நீயே வச்சுக்க. ஆனா எழுதியெல்லாம் தர மாட்டேன்."

அவன் கை ஒரு இரும்பு ரிம்மின் மேல் இருந்தது. பக்கத்தில் சுத்தியல் இருந்தது. எடுத்து மூன்று அடி அடித்தேன். எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குப் பழக்கம்தான்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அது வலது கை. அதிலும் கட்டைவிரல்.

பிப்ரவரி 10
அடிப்பாவி. அடிப்பாவி. உடம்புல இத்தனை எலும்பு இருக்கே, உனக்கு வேற எதுவுமா கிடைக்கல?

பிப்ரவரி 11
தங்கையிடம் சொன்னேன். பளாரென்று அறைந்தாள். "நீயும் அவனும் ஒண்ணுதான்க்கா. உங்களுக்குக் கோவம் வந்தா, அடி என் உடம்புலதான் விழுது." மதியம் போலீஸ் வந்து என்னைக் கூட்டிப்போனது.

பிப்ரவரி 13
முதலாளிதான் ஜாமீன் கொடுத்தார். கத்தியைத் தீட்டி வைத்திருப்பதாகவும் சொன்னார்.

ஸ்டேஷனில் அவன் புகாரின் நகலைக் கொடுத்தார்கள். கொலைவெறி, ரவுடித்தனம் என்று என்னென்னவோ எழுதியிருந்தது. கீழே இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்து. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். அப்போதுதான் மூன்றாவது வரி கண்ணில் பட்டது: 'என் மனைவி இரண்டு வருடங்களாக என்னைப் பிரிந்து மேற்படி பெண்ணின் வீட்டில் வசிக்கிறாள்.'

எழுதித் தர மாட்டேன் என்றவன் எழுதியே கொடுத்திருக்கிறான்.

பிப்ரவரி 14
மூக்குக்கண்ணாடிக்காரர் இரண்டு முறை படித்தார். "அவரே எழுதினதா?"

"ஆமா. எழுத வைக்கிறதுக்குள்ள பெரும்பாடு பட்டுட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "இதுல இருக்கறது உண்மைன்னு நீங்க கையெழுத்துப் போடணும்மா. முழுசுக்கும்."

"அந்த ஒரு வரிக்கு மட்டும் போடக் கூடாதா?"

"கூடாது. கோர்ட்ல கேட்டா இதையும் அனுப்பித்தான் ஆகணும். நல்லா யோசிச்சுக்கோங்க."

தங்கை என் கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டுப் போட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு அழகாகக் கையெழுத்து விழுந்ததே இல்லை.

பிப்ரவரி 20
புது அட்டை வந்துவிட்டது. குடும்பத் தலைவர்: தங்கை. இருபத்தாறாம் தேதி ஆபரேஷன். அன்றைக்கே எனக்குக் கோர்ட்.

பிப்ரவரி 26
அடித்தாயா என்று கேட்டார்கள். அடித்தேன் என்றேன். மூன்று மாதம் ஜெயில்.

வழியில் பெண் போலீஸ் ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னாள். "நல்லபடியா முடிஞ்சுதாம். கண்ணு முழிச்சதும், அக்கா சாப்பிட்டாளான்னு கேட்டுச்சாம்." அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

உள்ளே விடும் முன் என் வலது கட்டைவிரலை மெஷினில் வைக்கச் சொன்னார்கள். ஒரே தடவையில் பதிந்துவிட்டது.