மூடி சட்டைப்பையில் இருந்தது

அன்பு மனைவிக்கு,

இதை எழுதுபவன் உன் கணவன், சட்ட அலுவலன், பூரண நலத்துடன் உள்ளேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நானும் இங்குள்ள மெக்கானிக் நண்பரும் சேர்ந்து வாங்கிய சிறு பாய்மரப் படகு இன்று மிதந்தது! அது பத்திரமாக மிதந்தால்தான் விடுமுறைக்கு வருவேன் என்று நீ நிபந்தனை விதித்திருந்ததால், ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

படகை ஏற்றிய டிரெய்லரின் கொக்கி, சங்கிலி, பின்விளக்கு, தலைக்கு மேல் மின்கம்பி என அனைத்தையும் இருமுறை சரிபார்த்த பின்னரே காரைப் பின்னோக்கிச் செலுத்திப் படகுத்துறைச் சரிவில் தண்ணீருக்குள் இறக்கினேன். உடனே படகினுள் தண்ணீர் ஏறியது. மழைநீர் வடிவதற்காகக் கழற்றிய அடித்துளை மூடி, தொலையக்கூடாதென்று என் சட்டைப்பையிலேயே இருந்தது!

“வக்கீல் சார், ஓட்டைக்கு ஜாமீன் குடுத்துட்டு மூடிய உள்ள வெச்சிட்டீங்களே!” என்று மெக்கானிக் கத்தினார். படகு டிரெய்லரோடு கட்டியே இருந்ததால் எளிதாக மேலே இழுத்துவிட்டோம். நனைந்தது என் காலணி மட்டுமே. மூடியைத் திருகி மீண்டும் இறக்கினோம். பாய் காற்றில் புடைத்ததும் நான் கூவியே விட்டேன்!

ஒரு வேண்டுகோள். நான் வெளியே கிளம்பும்போதெல்லாம், “கேஸை மூடினீங்களா? சாவி எடுத்தீங்களா?” என்பாயே, அதை உன் குரலில் பதிவு செய்து அனுப்பு. இங்கே அப்படிக் கேட்க ஆளில்லை. நேரில் வந்து கேட்டாலும் ஆட்சேபணை இல்லை.

மெக்கானிக் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன்.

ஒப்பம்: உன் கணவன்
சாட்சிகள்: மெக்கானிக், படகுத்துறைக் காவலாளி (இவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்).