அப்பாவின் கண்ணில் திராவகம்

பிரிக்பீல்ட்ஸ், 1936, செவ்வாய் இரவு

திராவகத்தின் வேகத்தை முறிப்பது எது என்ற வீட்டுப்பாடக் கேள்விக்குச் சுண்ணாம்பு என்று நான் விடை எழுதிக்கொண்டிருந்தபோது, கொல்லையில் அப்பா அலறினார். முதலாளியின் கார் பாட்டரிக்கு ஊற்றிய திராவகம் அவர் இரண்டு கண்ணிலும் தெறித்துவிட்டது.

"கெமிஸ்ட்ரி படிக்கிறியே, என்னத்த ஊத்தணும்? சொல்லுடி!" என்று அம்மா என்னை உலுக்கினாள். சுண்ணாம்பைக் கண்ணில் போடலாமா? புத்தகத்தில் கண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பக்கத்து வீட்டு அக்காதான் ஓடிவந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, நாளைக்கு மறுபடி வரச் சொன்னார்கள்.

இப்போது பாயில் படுத்திருக்கும் அப்பா கேட்கிறார்: "ஏம்மா, இன்னும் விளக்கு ஏத்தலையா?"

விளக்கு அவர் முகத்துக்கு நேராகத்தான் எரிகிறது. அம்மா என்னைப் பார்க்கிறாள்.