தோல் பெட்டிக்குள் கறுத்த கண்ணாடி

என் உயிருக்கு உயிரான அஜீஸ் பாய்க்கு,

இந்த வருசமும் நம் வான்நோக்குச் சங்கம் கோடைக்கு ஜவ்வாது மலை போய் வந்தது. நீங்கள் இல்லாத முதல் வருசம். நல்லபடியாகப் போய் வந்தோம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டது பாய். அதில் பாதி என்னுடையது. இல்லை, முழுசும் என்னுடையது.

முதலில் நல்ல சேதி. நீங்கள் கண்ணை மூடிய ஐந்தாம் மாதம் ருஷ்யாக்காரன் ஒரு ஆளை வானத்தில் ஒரு சுற்று சுற்றவிட்டுப் பத்திரமாக இறக்கிவிட்டான். பேப்பரும் கையுமாக உங்கள் வீட்டுப் பக்கம் பாதி தூரம் ஓடிய பிறகுதான் ஞாபகம் வந்து திரும்பினேன்.

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். உங்கள் வீட்டுக்காரம்மா, எங்கள் பாபி, அவர்களும் எங்களோடு மலைக்கு வந்தார்கள்! எட்டு மாதம் பீப்பாய்மேல் டெலஸ்கோப்புக்கான அந்த ஆறு அங்குலக் கண்ணாடியை வைத்து, சுற்றிச் சுற்றி நடந்து நீங்கள் தேய்த்தபோது அவர்கள் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. மொட்டை மாடியில் பனியில் உட்கார்ந்துதான் உங்கள் நெஞ்சு கெட்டது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். "ஒரே ஒரு தபா பாக்கறேன் தம்பி. அப்படி இன்னாதான் இருந்துச்சு அதுலன்னு எனக்குத் தெரியணும்" என்றார்கள். அன்றோடு என் தூக்கம் போயிற்று. ஒன்றும் தெரியாமல் போனால்? இதற்காகவா மனுசன் உயிரை விட்டார் என்று நினைத்துவிட்டால்?

நம் சங்கத்தில் பாதிப் பேர் தோல் மண்டி ஆட்கள் அல்லவா? உங்கள் ஞாபகமாக ஏதாவது செய்யவேண்டும் என்று முனிரத்தினம் ஆரம்பித்தார். நீங்கள் கண்ணாடி வைத்திருந்த பழைய பிஸ்கட் டப்பாவைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "தோல் ஊருல பொறந்துட்டு தகர டப்பாவா? நம்ம தோலுக்கு இன்னா கொறச்சல்?" என்று சொல்லி, முதல் தரமான ஆட்டுத்தோலில் பெட்டி தைத்து, மூடியில் உங்கள் பெயரைப் பதித்துக் கொண்டுவந்தார். எல்லோர் கண்ணும் கலங்கிவிட்டது. பாபிக்கு மலையில்தான் காட்டவேண்டும் என்று பேச்சு. டப்பாவை மட்டும் அவர்களிடம் திருப்பிக் கொடுத்தோம்.

எனக்குத் தெரியும் பாய். என்றோ ஒருநாள் நீங்கள் சொன்னீர்கள்: "தோல் வாசம் வெள்ளிக்கு ஆகாது தம்பி, கறுத்துப் போய்டும்." தொண்டை வரைக்கும் வந்தது. அத்தனை பேர் சந்தோசத்தில் மண்ணைப் போட மனசு வரவில்லை. மலைக்குப் போகப் பத்து நாள்தானே, என்ன ஆகிவிடும் என்று மென்று விழுங்கினேன். கண்ணாடிமேல் இருந்ததோ உங்கள் கையால் கடைசியாகப் பூசிய வெள்ளி.

ஆலங்காயம் வழியாக லாரியில் ஏறினோம். பாபி முன்னால், டிரைவர் பக்கத்தில். நான் பின்னால், துணி சுற்றிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. புளியமரத்தடியில் பிரியாணியும் கத்திரிக்காயும் பரிமாறினார்கள். ஒரே சிரிப்பும் கும்மாளமும். நான் பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. மூன்று மணிக்கு மேகம் திரண்டது. மழை வந்து என்னைக் காப்பாற்றாதா என்றுகூட வேண்டிக்கொண்டேன், பாவி. மேகம் கலைந்துபோயிற்று.

பொழுது சாய்ந்ததும், பாபி அந்தப் பக்கம் தொழுதுகொண்டிருந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தேன். புகை பிடித்த லாந்தர் சிம்னி போலப் பழுப்பும் கறுப்புமாக இருந்தது உங்கள் கண்ணாடி. "ஐயோ, என்னா கருமம் இது!" என்று முனிரத்தினம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

சனி கிரகத்தின் வளையம் காட்டுவதெல்லாம் இனி நடக்காது. மேற்கே நாலாம் பிறை நின்றது. அதன் வெளிச்சமாவது போதுமா என்று கண்ணாடியைக் குழாயில் மாட்டித் திருப்பினேன். செப்புக்காசு நிறத்தில் நிலா தெரிந்தது. பாபி வந்து குனிந்தார்கள். நேரம் போகிறது, நிமிரவே இல்லை.

"மங்கலா கீதே தம்பி."

"என் தப்பு பாபி" என்றேன். "தோல் பெட்டியில வெச்சோம். ஆகாதுன்னு பாய் சொல்லியிருக்காரு. தெரிஞ்சும் நான் சொல்லாம விட்டுட்டேன்."

விருட்டென்று நிமிர்ந்தார்கள். "தோல்லயா வெச்சீங்க? மண்டியிலேர்ந்து வந்தா மூணு தபா சோப்பு போட்டுக் கை கழுவினு, சட்டை மாத்தினுதானே அவரு அதத் தொடுவாரு! வெள்ளி பூசற தண்ணியில கலக்க சர்க்கரை அளந்து குடுத்ததே நான்தான். என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

இத்தனை வருசத்தில் எங்களில் ஒருத்தராவது அவர்களைக் கேட்டோமா பாய்? நீங்களாவது எங்களிடம் சொன்னீர்களா?

பாபி மறுபடி குனிந்தார்கள். "இவ்ளோ கெட்டுப்போயும் இவ்ளோ தெரியுதே" என்றார்கள். அதை எங்களிடம் சொல்லவில்லை. நிலா மலைக்குப் பின்னால் இறங்கும்வரை வேறு யாருக்கும் இடம் விடவும் இல்லை.

வருகிற ஞாயிறு உங்கள் வீட்டில் புதிதாக வெள்ளி பூசுகிறோம். உங்கள் கடைசிப் பூச்சை என் கையாலேயே அமிலம் விட்டுக் கழுவவேண்டும். புது வெள்ளி ஒட்டாமல் போனால் என்ன செய்வேன்? சர்க்கரையைப் பாபி அளந்து வைத்துவிட்டார்களாம். அந்தப் பிஸ்கட் டப்பாவையும் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறார்கள். அடுத்த வருசம் அதைத் தானே தூக்கி வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

யார் முகம் வாடினாலும் சரி, தெரிந்ததை இனி மென்று விழுங்கமாட்டேன் பாய். இது சத்தியம்.

மூன்று தடவை கை கழுவிவிட்டு வரப்போகும்,
உங்கள் தம்பி
தணிகாசலம்