சுரண்டிய கண்ணாடி

மார்ச் 4

வாசல் மணி அடிக்கவில்லை என்று மின்வேலைக்காரரைக் கூப்பிட்டோம். பிரித்துப் பார்த்தார். "இது கெட்டுப்போகலைங்க. கம்பியை வெட்டியிருக்காங்க. வெட்டின முனையில டேப் சுத்தி வெச்சிருக்காங்க பாருங்க, சுத்தமான வேலை" என்றார். சேர்த்துவிடட்டுமா என்று கேட்டார். "இருக்கட்டும், நம்மளைத் தேடி யார் வரப்போறாங்க" என்று அம்மா அனுப்பிவிட்டாள்.

வங்கி ஏலத்தில் எடுத்த வீடு. அப்பா விட்டுப்போன பணமும் என் சம்பளத்தின் மேல் வாங்கிய கடனும் எல்லாம் இதற்குள். இதை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. முன்பு இருந்தவர்கள் தவணை கட்ட முடியாமல் இழந்தது. வங்கிக்குப் போக வேறு யார் யாருக்குத் தர வேண்டுமோ? வக்கீலிடம் கேட்டதற்குச் சிரித்தார். "வரி பாக்கி, கரண்ட் பாக்கி இருந்தா வீட்டோட வரும். பார்த்தாச்சு, இல்ல. மத்தது ஆளோட போயிடும்மா. கடன் ஆளைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது."

சுவரைப் பிடிக்காதாம்.

மார்ச் 7

கூடத்து ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் உள்பக்கமாக வெள்ளை வண்ணம் பூசியிருக்கிறார்கள். கீழ்க் கண்ணாடி ஒன்றில் மட்டும் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுரண்டியிருக்கிறது. குனிந்தாலும் எட்டவில்லை. தரையில் உட்கார்ந்தேன். சரியாக என் கண்ணுக்கு வந்தது. கேட் தெரிகிறது. படியேறி வருகிறவர்கள் இடுப்புக்குக் கீழேதான் தெரிவார்கள், முகம் தெரியாது.

அந்த இடத்தில் தரை மட்டும் வழவழவென்று இருக்கிறது. எவ்வளவு காலம் உட்கார்ந்திருந்தாள்? அவள் என்று ஏன் எழுதினேன் – ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் ஒரு கொண்டை ஊசி செருகியிருந்தது. முனை மழுங்கி, வெள்ளை ஒட்டியபடி.

மார்ச் 12

இன்று வெட்கக்கேடு.

காலையில் அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். எழுந்து பாதி தூரம் போய்விட்டேன். வெளியிலிருந்து ஒரு குரல், ரொம்ப அன்பாக: "அக்கா... உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும். ஃபேன் ஓடுற சத்தம் கேக்குதே."

அம்மா டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். நான் போய் – ஐயோ – ஃபேனை நிறுத்தினேன்!

பிறகு சிரிப்பு. "சரிக்கா. இப்ப ஃபேனும் நின்னுடுச்சு. வேர்க்கப் போகுது, பார்த்து."

அவனுக்கு நான் ஒரு காசு தர வேண்டியதில்லை. அவன் யார் என்றே தெரியாது. ஏன் திறக்கவில்லை?

மார்ச் 13

ஏன் திறக்கவில்லை?

மார்ச் 19

பக்கத்து வீட்டு அக்கா மதில் வழியாகக் கூப்பிட்டார். "தெருவுல அதே பேச்சா இருக்கு. அன்னிக்கு உங்க கதவைத் தட்டினவன் பீரோ, கட்டிலுக்குத் தவணை வசூலிக்கிறவன். பழைய ஆளுங்க திரும்பி வந்து உள்ள ஒளிஞ்சிருக்காங்கன்னு சொல்லிட்டுத் திரியிறான். இல்லப்பா, புதுசா வந்தவங்கன்னு சொன்னேன். 'புது ஆளு எதுக்கு ஃபேனை நிறுத்தணும்'னு கேக்குறான். நான் என்னத்தைச் சொல்ல?"

அம்மா வீராப்பாகச் சொன்னாள்: "மறுபடி வரட்டும், நான் திறக்கிறேன். நீ உன் காகிதத்தைக் கட்டிக்கிட்டு அழு."

மத்தியானமே வந்தான். அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள், குக்கர் விசில் அடித்துவிடுமே என்று.

மார்ச் 22

எப்போதிலிருந்து ஜன்னலடியில் தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன்? மேஜை சும்மா கிடக்கிறது. கேட்டைச் சத்தமில்லாமல் திறக்கவும் பழகிவிட்டேன், கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் கிறீச்சிடாது.

நான் படித்த பேய்க்கதைகளில் செத்தவர்கள்தான் நடமாடுவார்கள். இவர்கள் எங்கோ உயிரோடு இருக்கிறார்கள். இதற்கு என்ன பெயர்?

மார்ச் 27

எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் கேட் திறந்தது, சத்தமே இல்லாமல். அந்த வித்தை தெரிந்த யாரோ. ஓட்டை வழியாகச் சேலைக் கரை, தேய்ந்த செருப்பு. கதவுப் பக்கம் போகவில்லை. நேரே ஜன்னலுக்கு வந்து குனிந்து, சுரண்டிய இடத்தில் நகத்தால் தட்டினாள். மெதுவாக. விட்டு, மறுபடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் கண்.

"என்னங்க... நான்தான். தனியாத்தான் வந்திருக்கேன். திறங்க."

திறந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாகக் கூடத்தைத் துழாவினாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"உள்ள ஆள் ஒளிஞ்சிருக்குன்னு சொன்னாங்க. அவருதான் வந்துட்டாரோன்னு..."

வீடு போவதற்கு முன்பே கிளம்பிப் போன கணவராம். ஒரு தகவலும் இல்லை.

"ஃபேனை நிறுத்தினாங்கன்னு கேட்டதும் நிச்சயமா நம்பிட்டேன். அவருதான் பதறிப்போய் நிறுத்துவாரு. எத்தனை தடவை திட்டியிருப்பேன், நிறுத்தினாத்தான் ஆள் இருக்குன்னு தெரியும்னு."

"நான்தான் நிறுத்தினேன்" என்றேன். வேறென்ன சொல்ல?

அம்மா தண்ணீர் கொடுத்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. கதவுக்குப் பின்னால், வாசலிலிருந்து தெரியாத மூலையில், தரையில் உட்கார்ந்து குடித்தாள். தையல் கடையில் வேலை, அங்கேயே படுக்கை. கடை எங்கே என்று சொன்னாள். "அவரு வந்தா மட்டும் சொல்லுங்க. வேற யாருக்கும் வேணாம்மா."

மார்ச் 28

மின்வேலைக்காரர் வந்து மணிக்கம்பியைச் சேர்த்துவிட்டுப் போனார்.

மார்ச் 30

மணி அடித்தது. அம்மா டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். நான் ஃபேனை ஓடவிட்டுப் போய்க் கதவை முழுசாகத் திறந்தேன்.

குரலைவிடச் சின்ன வயது. கையில் ஹெல்மெட். பத்திரத்தைக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தான். "அட, நிஜமாவே புதுசா! அப்ப அன்னிக்கு எதுக்குங்க ஃபேனை நிறுத்தினீங்க?"

"குளிரா இருந்துச்சு."

"இந்த வெயிலுக்கா?" தலையை ஆட்டிக்கொண்டான். படியிறங்கியவன் திரும்பினான். "அந்த அக்கா எங்க இருக்காங்கன்னு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது." முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

சாயங்காலம் அம்மா கத்தி கொடுத்து, ஜன்னல் வண்ணத்தைச் சுரண்டச் சொன்னாள். கூடம் முழுக்க வெளிச்சம். பொத்தான் அளவு சுரண்டிய அந்தக் கீழ்க் கண்ணாடியை மட்டும் விட்டிருக்கிறேன். அதை ஏன் விட்டாய் என்று அம்மா கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் கணவர் வந்தால் எங்கே தட்டுவது என்று தெரிய வேண்டும்.