பலகையிலிருந்து அழித்த சொல்

பெருமாள் கோயில் குளத்திலிருந்து அத்தி வரதர் எழுந்தருளி, சின்ன காஞ்சிபுரமே ஜனத்தில் திணறிய எழுபத்தொன்பதாம் வருஷம் அது. இன்று பாங்கில் என் கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தினார்கள். அந்த வாடை பட்டதும் உன் ஞாபகம் வந்தது. நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு மருமகள் இதை எழுதுகிறாள்.

அந்த வருஷம் முதியோர் கல்வி என்று பஜனை மடத்தில் சாயங்கால வகுப்பு வைத்தார்களே. நெசவுக்காரர்கள் பத்துப் பேர். என் பக்கத்தில் நீயும் உன் மனைவி ராஜம்மாவும். கொடுத்த புத்தகத்திலோ ஏர், எரு, சிறு குடும்பம்.

"ஏம்பா, தறிக்குழியில யூரியா போட்டா பட்டு வெளையுமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

டீச்சர் நல்ல பெண். "அப்ப நீங்களே சொல்லுங்க, என்ன படிக்கணும்?" என்றாள்.

நீ எழுந்தாய். "மூணு வருசத்துக்கு முன்ன, வூட்டுமனை தரேன்னு கைநாட்டு வாங்கினாங்கமா. அப்புறம் கேம்புக்கு இட்டுக்கினு போயி எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணி உட்டாங்க. எங்களுக்கு ஒரு புள்ளகூட இல்ல. அந்தக் காயிதத்துல என்னா எழுதியிருந்துச்சோ, மொதல்ல அதக் கத்துக்குடுங்க."

உன் மனைவி தலை குனிந்துகொண்டாள்.

மறுநாள் டீச்சர் பலகையில் எழுதிய முதல் சொல் 'சம்மதம்'. நீ அதையே விரலால் தரையில் எழுதிக்கொண்டிருந்தாய்.

நாலாம் நாள் மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி வந்தார். பலகையைப் பார்த்தார். "இது புஸ்தகத்துல இல்லியே. யாரு கேட்டது? படிக்க வந்தவனுங்க பாடம் பொறுக்குவானுங்களா?"

டீச்சர் வாய் திறக்கும் முன்பே என் கை உன்னைக் காட்டியது. "இவன்தான் சார்."

என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அவர் பார்வை என் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். அதிகாரியிடம் நல்ல பேர் வாங்கத் துடித்த நாய்ப்புத்தி.

அவர் தன் கையாலேயே பலகையை அழித்தார். டீச்சரை 'ஏர்' என்று எழுத வைத்தார். நீ துண்டை உதறித் தோளில் போட்டாய். "நீ ஏர் ஓட்டுடா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாய்.

அதன் பிறகு நானும் அங்கே போகவில்லை. எழுத்தும் வரவில்லை.

அந்த அதிகாரிமேல் இருந்த அருவருப்பு என்றோ ஆறிவிட்டது. என்மேல் உள்ளது ஆறவில்லை. நீ கடைசிவரை என்னோடு டீ குடித்தாய். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் மோசம்.

என்னைத் தவிர, அன்று அங்கே இருந்தவர்களில் இன்று ஒருத்திதான் மிச்சம். தெருவில் பார்த்தால், "நல்லா இருக்கியாண்ணா?" என்று கேட்கிறாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை. உன் ராஜம்மா.